பாதை ஓடையாகிறது: இளைஞர் குழு முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் பகுதி இயற்கைக் காப்பிடத்தில் உள்ள நடைபாதை மழைக்காலத்தில் ஓடையாகிவிடுகிறது. 16 முதல் 22 வயது வரை 24 பேர் வேலை செய்யத் தயாராக இருக்கிறோம். சரளைக்கல் கொட்டலாமா? ஓரத்தில் மரக்கன்று நடலாமா? முகாம் ஏற்பாட்டாளர் ஒருவர், தலைக்கு இவ்வளவு என்று கட்டினால் கருவி, கன்று, சான்றிதழ் எல்லாம் தானே தருவதாகச் சொல்கிறார். சேரலாமா?

பதில்: சரளை வேண்டாம். ஏற்பாட்டாளரும் வேண்டாம்.

பாதையில் விழும் தண்ணீர் வெளியேற வழியில்லாததுதான் உங்கள் சிக்கல். ஆட்கள் நடக்க நடக்கப் பாதையின் நடுப்பகுதி அமுங்குகிறது. பள்ளப்பக்க விளிம்பில் மண்ணும் சருகும் ஒதுங்கி ஒரு வரப்பு கட்டிக்கொள்கிறது. குனிந்து பாருங்கள்: நான்கு விரல் உயரம்கூட இருக்காது, மேலே புல் முளைத்து இயல்பான கரை போலவே தெரியும். மழைநீரைப் பாதைக்குள்ளேயே பிடித்துக் கீழ்நோக்கி ஓட்டுவது அதுதான். அதை விட்டுவிட்டுச் சரளை கொட்டினால், சரிவில் கல் உருண்டு அடிக்குப் போகும், சேற்றில் புதைந்து காணாமல் போகும்.

முதல் நாள் மண்வெட்டியால் அந்த வரப்பை வெட்டி எடுங்கள். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காமல் பள்ளப்பக்கம் தள்ளிப் பரப்புங்கள். பிறகு ஒரு நேரான பலகையைப் பாதைக்குக் குறுக்கே வைத்து, அதன்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 3 அடி அகலப் பாதையில் பள்ளப்பக்க விளிம்பு சுமார் 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். நீர் தேங்கும் இடங்களில் பிறை வடிவில் மண்ணைச் சீவுங்கள்: பள்ளப்பக்க விளிம்பில் 10 அடி நீளம், அந்த விளிம்பின் நடுவில் 5 அங்குலத் தாழ்வு, இரு முனையும் பாதையோடு மெல்லச் சேர வேண்டும். நடப்பவர் காலுக்கு அது பள்ளமாகவே தெரியக்கூடாது. தெரிந்தால் சுற்றிக்கொண்டு போவார்கள், பாதை அகலமாகும்.

பாதைக்குக் குறுக்கே நேராகக் கட்டை பதிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். சில மழையிலேயே கட்டையின் மேல்பக்கம் வண்டல் நிரம்பும், தண்ணீர் அதன் முனையைச் சுற்றி அரிக்கும், கட்டை அந்தரத்தில் நிற்கும்.

இதெல்லாம் சரிவில் செல்லும் பாதைக்கு. சமதளத்தில் இந்த முறை வேலை செய்யாது. இதைப் பலரும் மறந்துவிடுவதால் விரித்தே சொல்கிறேன். பாதையைச் சுற்றி அதைவிடத் தாழ்ந்த நிலம் இல்லையென்றால், எவ்வளவு அழகாகச் சீவினாலும் தண்ணீர் போக இடமில்லை. நீங்கள் வெட்டுவது இன்னொரு குட்டையாகத்தான் முடியும். அங்கே பாதையைத்தான் உயர்த்த வேண்டும். இருபுறமும் வாய்க்கால் எடுத்து, நடுவே மண்ணை மேடாக்கிக் கெட்டிக்க வேண்டும். நடு உயர்ந்து ஓரங்கள் தாழ்ந்திருக்க வேண்டும். வாய்க்கால் எங்காவது போய் வடிய வேண்டும். மேல்மட்டக் கரிசல், சருகு மக்கு இவற்றைப் போட்டு மேடாக்கினால் மறுபடி சேறுதான். அடியிலுள்ள கடினமான மண் வேண்டும். உடைத்த ஜல்லியைத் தூளோடு சேர்த்துக் கெட்டிப்பது இந்த ஓர் இடத்தில் பயன்படும். உருண்டையான சரளை இங்கும் வேண்டாம். அந்த இடம் சதுப்பாக இருந்தால் மண்ணைத் தொடாதீர்கள். பாதையை மேடான பக்கம் நகர்த்தச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள்.

இனி அந்த ஏற்பாட்டாளர். மூன்று கேள்வி கேளுங்கள்: நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி எங்கே? அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? நட்ட கன்றுக்கு அடுத்த கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவார்? மூன்றாவதற்குப் பதில் வராது. இப்படிப்பட்டவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் நாற்றங்காலில் மலிவாகக் கிடைக்கும் வேகமாக வளரும் ஏதோ ஓர் இனம். புல்வெளியில் குழி தோண்டி நட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். புல்வெளியும் ஒரு வாழிடம். அங்கே மரம் நட்டால் தரையில் கூடு கட்டும் பறவை இடத்தை இழக்கும். சான்றிதழை நிர்வாகத்திடமே கேட்டு வாங்குங்கள். அதற்காக இடையில் ஒருவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நிர்வாகங்களின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. ‘எத்தனை கன்று நட்டீர்கள்’ என்று கேட்பவர்கள், ‘எத்தனை வடிகால் திறந்தீர்கள்’ என்று கேட்பதில்லை. அனுமதிக் கடிதம் கையில் வரும்போது மழை தொடங்கிவிடுகிறது. ஈர மண்ணில் வேலை செய்தால் பாதை கெடுமே தவிர சீராகாது. எனவே மழைக்குப் பல வாரம் முன்பே, எந்த இடத்தில் எதை வெட்டப்போகிறீர்கள் என்று வரைபடத்தோடு விண்ணப்பியுங்கள்.

வாழிடத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், நடுவதைவிடக் களைவதில் இறங்குங்கள். உண்ணிச்செடி (லந்தானா என்ற அயல்நாட்டுப் புதர்) பரவியிருந்தால் தண்டை மட்டும் வெட்டுவது வீண். அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் மண்ணில் படாமல் வையுங்கள். காய் பழுக்கும் முன் செய்ய வேண்டும். புதரில் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அன்று அந்தப் புதரை விட்டுவிடுங்கள். விதை மண்ணில் கிடக்கும் என்பதால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நாற்றைப் பிடுங்க வர வேண்டும். விழுந்து கிடக்கும் பட்ட மரங்களைச் ‘சுத்தம்’ செய்யாதீர்கள்.

கருவி ஓங்கும்போது ஆளுக்கு ஆள் 10 அடி இடைவெளி, மூடிய காலணி, கையுறை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல். இயந்திர ரம்பம் யார் கையிலும் வேண்டாம்.

வேலை முடிந்தபின் முதல் பெருமழை ஓய்ந்தவுடன் இருவர் பாதையை நடந்து பாருங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் எல்லாம் ஒரு குச்சி நட்டு வையுங்கள். மண் காய்ந்ததும் அடுத்த வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.