தண்ணீர் குடிக்காமல் வருகிற அம்மா

கேள்வி: சிகாகோ பக்கத்தில் வேலை பார்க்கிறேன். கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேருமாகக் காரிலேயே தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா, கேன்சஸ் என்று ஒரு சுற்று போகத் திட்டம். மியூசியம், மால் எல்லாம் பார்த்தாகிவிட்டது. சாலையோர விசித்திரங்களைப் பார்க்க ஆசை. சோளத்தால் மூடிய மாளிகை, பழைய கார்களை நட்டுவைத்த வளையம், பெரிய கயிற்றுப் பந்து என்று 12 இடங்களை எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறேன். கையில் ஆறு நாள்தான் இருக்கிறது. அப்பாவுக்கு வேளைக்குக் காபி வேண்டும், அதை டிரைவ்-த்ரூவில் சமாளித்துவிடலாம். அம்மாவால் ஒரு பிரச்சினையும் இல்லை. 66 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். வண்டியை அடிக்கடி நிறுத்த வைக்கக் கூடாது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்துவிடுவார். நயாகரா போனபோதும் அப்படித்தான் வந்தார். 12 இடத்தையும் பார்க்க வழி உண்டா? இல்லையென்றால் எதை விடுவது?

— சிகாகோ வாசகர்

பதில்: தம்பி, உங்கள் 12 இடங்களைப் பற்றி அப்புறம் பேசலாம். "அம்மாவால் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பிரச்சினையை எழுதியிருக்கிறீர்கள். எழுதிய உங்களுக்கே அது கண்ணில் படவில்லை.

சிகாகோவிலிருந்து நயாகரா எட்டு, ஒன்பது மணி நேரம். அத்தனை நேரமும் உங்கள் அம்மா தாகத்தோடு உட்கார்ந்து வந்திருக்கிறார். உலகமே பார்க்க வருகிற அந்தத் தண்ணீருக்கு முன்னால், உதடு காய்ந்துபோய் நின்று போட்டோவுக்குச் சிரித்திருக்கிறார். அன்று எடுத்த போட்டோ உங்கள் போனில் இருக்கும். இன்று ராத்திரி அதை எடுத்து அம்மாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. சிகாகோ என்று வரும், சிட்னி என்று வரும், ஏன், சேலத்திலிருந்து கொடைக்கானல் போகிற குடும்பத்திலிருந்தும் வரும். எல்லாவற்றிலும் ஒரு அம்மா எதையோ விட்டுக்கொடுத்திருப்பார், பிள்ளை அதை ஒரு வசதியைப் போலக் குறிப்பிட்டிருக்கும். "அம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்று பெருமையாகவே எழுதுகிறவர்களும் உண்டு.

தண்ணீர் குடிக்காமல் வருவது அவராக எடுத்த முடிவு என்று நினைக்கிறீர்களா? யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள், சரி. ஆனால் ஏதோ ஒரு பயணத்தில், ஏதோ ஒரு எக்ஸிட்டில், "மறுபடியுமா?" என்று யாரோ உச்சுக் கொட்டியிருப்பீர்கள். இல்லையென்றால் போய்ச் சேரும் நேரம் பத்து நிமிடம் தள்ளிப்போனதை ஜிபிஎஸ்ஸில் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். பிள்ளை வீட்டில் ஆறு மாதம் இருக்க வந்த அம்மாவுக்கு அவ்வளவு போதும். மொழி தெரியாத ஊர், தானாக எங்கேயும் போக முடியாத வீடு. யாருக்கும் பாரமாகக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் யோசித்துக்கொண்டே இருப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். மதுரையிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போனோம். வெயில் காலம். அம்மா மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் தண்ணீர் பாட்டில். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பாட்டிலைத் திறப்பார், ஒரு வாய் எடுப்பார், கன்னத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து ஜன்னலுக்கு வெளியே துப்பிவிடுவார். முந்தானை நுனியை நனைத்து உதட்டைத் துடைத்துக்கொள்வார். வாய் கொப்பளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சொட்டுகூட விழுங்கவில்லை என்று எனக்குப் புரிந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவருக்காவது ஒரு காரணம் இருந்தது. பேருந்து நின்ற இடங்களில் பெண்கள் ஒதுங்க ஒரு நல்ல இடம் கிடையாது, ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்லவும் வாய் வராது. உங்கள் அம்மா வருகிற வண்டியை ஓட்டுவது அவர் பெற்ற பிள்ளை. சாலையில் சுத்தமான ரெஸ்ட் ஏரியா இருக்கிறது, காசும் கேட்க மாட்டார்கள். அங்கேயும் உங்கள் அம்மா தாகத்தோடு வந்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

அப்பாவின் காபிக்குத் திட்டத்தில் இடம் இருக்கிறது. அதுவும் யாரும் இறங்கத் தேவையில்லாத டிரைவ்-த்ரூவில். அப்படியானால் அம்மா எப்போது இறங்குவார்? உங்கள் எக்செல்லில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

உடம்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரஷர் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் வகை. அம்மா சாப்பிடுவது அதுவாக இருந்தால், அடிக்கடி போகவேண்டியிருப்பது மாத்திரையின் வேலை. அதைச் சாப்பிட்டுவிட்டு ஆகஸ்ட் வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் தலைசுற்றல், மயக்கம் வரலாம், சிறுநீர்த் தொற்றும் வரலாம். காலை அசைக்காமல் நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டுகிற ஆபத்து கூடுகிறது, வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: நயாகரா போன அன்று காலையில் மாத்திரை சாப்பிட்டாரா? பல அம்மாக்கள் பயண நாளில் தண்ணீரோடு மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள், யாரிடமும் சொல்வதில்லை. கிளம்பும் முன் ஊரில் அவர் பார்க்கிற டாக்டரிடம் போனில் பேசி, மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.

இப்போது உங்கள் பட்டியல். அதில் வால் என்ற ஊர் இருக்கும், தெற்கு டகோட்டா வழியாகப் போகிற யாரும் அதை விடமாட்டார்கள். 1931 டிசம்பரில் டெட் ஹஸ்டெட் என்ற இளம் மருந்தாளர் அங்கே ஒரு மருந்துக் கடையை வாங்கினார். பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம், வறட்சி வேறு. சின்ன ஊர், கடைக்கு ஆளே வரவில்லை. இப்படியே வருடங்கள் ஓடின. 1936-இல், கோடையில் ஒரு நாள், அவருடைய மனைவி டாரதி மதியம் கொஞ்சம் தூங்கலாம் என்று போனார். சாலையில் கார்கள் கடகடத்துக்கொண்டே போன சத்தத்தில் தூக்கம் வரவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்த அந்தப் பெண்ணுக்கு ஒன்று தோன்றியது: வெயிலில் இவ்வளவு தூரம் வருகிறவர்களுக்குத் தாகமாக இருக்குமே. திரும்பி வந்து, ஐஸ் தண்ணீர் இலவசம் என்று சாலையில் பலகை வைக்கலாம் என்று கணவரிடம் சொன்னார். வைத்தார்கள். கார்கள் நின்றன. அந்தக் கடைதான் இன்று பெரிய வளாகமாக நிற்கிறது, நெடுஞ்சாலைப் பக்கம் 80 அடி டைனோசர் ஒன்றும் நிற்கிறது. ஐஸ் தண்ணீர் இன்றும் இலவசம்.

முகம் தெரியாத பயணிகளின் தாகம் டாரதிக்குத் தெரிந்தது. நீங்கள் அந்தக் கடையைப் பார்க்க உங்கள் அம்மாவைத் தண்ணீர் இல்லாமல் கூட்டிப்போகப் போகிறீர்கள்.

கார் வளையம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நெப்ராஸ்காவில் அலையன்ஸ் ஊருக்கு வெளியே இருக்கும் கார்ஹெஞ்ச். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப் போல, 39 பழைய கார்களுக்குச் சாம்பல் நிறம் பூசி, சிலவற்றைச் செங்குத்தாக நட்டு, சிலவற்றை மேலே படுக்கவைத்திருக்கிறார்கள். பார்க்க விளையாட்டாகத்தான் இருக்கும். ஆனால் ஜிம் ரைண்டர்ஸ் என்பவர் அதைத் தன் அப்பாவின் நினைவாகக் கட்டினார், அப்பா வாழ்ந்த பண்ணை நிலத்திலேயே. 1987 கோடையில் சொந்தபந்தம் 35 பேர் கூடி, எல்லோரும் சேர்ந்து வேலை செய்து எழுப்பியது. அதை உங்கள் அப்பாவுக்கு நீங்களே சொல்லுங்கள், அவர் அந்த வளையத்தை ஒரு தடவை நிதானமாகச் சுற்றி வரட்டும். அங்கே இருபது நிமிடம் போதாது, ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

சோள மாளிகை மிட்செல் ஊரில். 1892-இல் தொடங்கிய வழக்கம், இப்போதிருக்கும் கட்டடம் 1921-இல் வந்தது. பல நிறச் சோளக் கதிர்களை நறுக்கிச் சுவரில் ஆணியடித்துப் படங்களாக அமைப்பார்கள், வருடா வருடம் படங்கள் மாறும். சாயம் கிடையாது, கதிரே அந்த நிறத்தில் விளைகிறது. காவிரிப் பாசனத்து ஊர்க்காரரான உங்கள் அம்மா அந்தச் சுவருக்கு முன்னால் நின்று கேட்கிற கேள்விகளுக்கு உங்கள் பிள்ளைகள் பதில் தேடட்டும்.

விடவேண்டியது கயிற்றுப் பந்தை. கேன்சஸின் காக்கர் சிட்டியில் 1953-இல் ஒரு விவசாயி சுற்றத் தொடங்கிய பந்து அது, இன்னும் ஆட்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்காக அலையன்ஸிலிருந்து அவ்வளவு தூரம் தெற்கே இறங்கினால் பெரியவர்களுக்கு ஒரு முழு நாள் வண்டியிலேயே கழியும். நீங்களும் பிள்ளைகளும் அடுத்த வருடம்கூடப் போகலாம், பந்து இன்னும் பெரிதாகியிருக்கும். மற்றவற்றில் சோள மாளிகை, வால், கார்ஹெஞ்ச் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில், மினசோட்டாவின் புளூ எர்த்தில் நிற்கும் 55 அடி பச்சை மனிதனைக் கால் நீட்டிக்கொள்ளும் சாக்கில் பார்த்துவிடலாம். மிச்சத்தை அழித்துவிடுங்கள்.

ஐ-90 நெடுஞ்சாலையில், தெற்கு டகோட்டாவுக்குள் எக்ஸிட் எண்கள் மைல் கணக்கில் வரும். மிட்செல் 332, வால் 110. நடுவில் 222 மைல். இதை ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். 264-க்கு அருகே சேம்பர்லேனில் ஒரு ரெஸ்ட் ஏரியா, மிசௌரி ஆற்றைப் பார்த்தபடி. நட்சத்திரப் போர்வையை விரித்துப் பிடித்து நிற்கும் பூர்வகுடிப் பெண்ணின் 50 அடி சிலை அங்கே இருக்கிறது, 2016-இல் வைத்தது. அங்கே அரை மணி. அடுத்து 170-இல், பழைய கட்டடங்களைக் கொண்டுவந்து சேர்த்து வைத்திருக்கும் 1880 டவுன். அங்கே ஒரு இறங்கல். பிறகு 60 மைலில் வால். நேரமும் உங்கள் பக்கம்தான்: மேற்கே போகும்போது அந்த மாநிலத்தின் நடுவிலேயே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தை அம்மாவுக்குக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "அம்மா, பாத்ரூம் போகணுமா?" என்று கேட்காதீர்கள். "வேண்டாம்பா" என்றுதான் சொல்வார். கேட்காமலே, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். "எனக்குக் கால் பிடிச்சிருக்கு, இறங்கி நடக்கலாம்" என்று நீங்கள் முதலில் இறங்குங்கள். உங்கள் மனைவி அம்மாவோடு உள்ளே போகட்டும், அந்தக் கதவு, குழாய், பேப்பர் எல்லாம் பழகாமல் கூச்சப்பட்டு நிற்பவர்கள் உண்டு. பிள்ளைகளின் இருக்கைகளுக்கு நடுவில் அம்மாவைத் திணித்து வைத்திருந்தால் இடத்தையும் மாற்றுங்கள். ஓரமாக, இறங்கிவரச் சுலபமான இடம் கொடுங்கள்.

நயாகரா விஷயத்தைக் கிளம்பும் முன்பே அம்மாவிடம் பேசிவிடுங்கள். "அன்னைக்கு நீங்க தண்ணி குடிக்காம வந்தீங்கன்னு தெரிஞ்சும் நான் ஓட்டிக்கிட்டே இருந்தேன், தப்புதான்மா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார். அப்படிச் சொன்னாலும் நீங்கள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடியுங்கள், பிள்ளைகள் காதில் விழும்படி.

வாலில் இலவசத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது அம்மாவுக்கு ஐஸ் போடாமல் வாங்குங்கள், ஜில்லென்று குடித்தால் தொண்டை கட்டும் என்பார். நீங்களே கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். பக்கத்திலேயே உட்காருங்கள். அவர் அந்தத் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை சாவி உங்கள் பைக்குள்ளேயே இருக்கட்டும்.