அமினோ அமிலம் உள்ளே போகும் வழியை அடைத்துப் புற்றுநோயைக் கட்டுப்படுத்த முடியுமா?

அடிப்படை வலுவானது; ஆனால் இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகிவிடவில்லை. புரதங்களின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலங்களைச் செல்லுக்குள் கொண்டுசெல்பவை கடத்திப் புரதங்கள். பல புற்றுநோய்களில் எல்ஏடி1 என்ற கடத்தி மிகுதியாக இருக்கிறது. அது குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை வெளியே அனுப்பி, லியூசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை உள்ளே எடுக்கிறது. லியூசின் வெறும் கட்டுமானப் பொருளன்று. செல்லை வளரத் தூண்டும் எம்டார் புரதத்தையும் முடுக்கிவிடுகிறது. எனவே இந்த ஒரு வாசலை மூடினால் இரண்டு அடி விழும். ஜப்பானில் உருவான நான்வுரான்லாட் மருந்தின் நோக்கம் இதுதான். பித்தநாளப் புற்றுநோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டிருக்கிறது.

சிக்கலும் உண்டு. ரத்தத்திலிருந்து மூளைக்கு அமினோ அமிலங்கள் செல்வதற்கும் எல்ஏடி1 தேவை. தவிர, ஒரு வழி அடைபட்டால் புற்றுச்செல் வேறு கடத்திகளைப் பெருக்கிக்கொள்ளும். பிற மருந்துகளோடு சேர்த்துத் தருவதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். இதைப் படித்துவிட்டு யாரும் தயவுசெய்து உணவில் புரதத்தைக் குறைக்காதீர்கள். நோயாளியின் தசைதான் கரையும்.