தலைவர் யாரிடம் பேசுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, டர்பனில் ரேபிட் டெஸ்ட் கிட் தயாரிக்கும் சின்ன கம்பெனி ஒன்றை நடத்துகிறேன். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் புது கிட்டுக்கு, தென்னாப்பிரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான சாப்ராவின் அனுமதி தள்ளிக்கொண்டே போகிறது. கையில் இருக்கும் பணம் ஏழெட்டு மாதத்துக்குத்தான் வரும். ஊழியர்களிடம் சொன்னால் கெட்டிக்காரர்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள், போர்டில் சொன்னால் என் நாற்காலி ஆடும், வீட்டில் சொன்னால் மனைவிக்குத் தூக்கம் போய்விடும். கம்பெனித் தலைவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் குழு ஒன்றில் சேரச் சொல்கிறார் ஒரு நண்பர். காசு கட்டி என் கஷ்டத்தைச் சொல்வதா என்று கூச்சமாக இருக்கிறது. சேரலாமா? – உம்ஹ்லாங்கா வாசகர்

பதில்: சேருங்கள் தம்பி. கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. இந்தப் பழக்கத்துக்கு எழுபது வருடத்துக்கு மேல் வயதாகிறது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் ரே ஹிக்காக் என்பவர், இருபத்தேழு வயதில் குடும்பத்தின் பெல்ட் கம்பெனி மொத்தமும் தன் தலையில் விழ, அதே நிலைமையில் இருந்த மற்ற இளம் தலைவர்களைக் கூட்டிப் பேச ஆரம்பித்தார். 1950ல் அதுதான் ஒய்பிஓ என்ற இளம் தலைவர்கள் அமைப்பு ஆனது. 1957ல் மில்வாக்கியில் ராபர்ட் நோர்ஸ் என்பவர் நான்கு தலைவர்களோடு உட்கார்ந்து ஆரம்பித்தது இன்றைக்கு விஸ்டேஜ் என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது. இவர்கள் யாரும் தோற்றுப்போய் ஆறுதல் தேடியவர்கள் இல்லை, நன்றாகத் தொழில் நடத்தியவர்கள். நம் ஊரில் ஸ்டாக்வெல் என்ற சேமிப்புக் குழு எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், ஆளுக்கொரு தொகை போட்டு, தேவைப்படும் நேரத்தில் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். இங்கே போடுவதும் எடுப்பதும் அனுபவம், அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். எட்டிலிருந்து பத்துப் பேர் வரை இருப்பார்கள், மாதம் ஒரு அரை நாள், போன் எல்லாம் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் தன் பிரச்சினையை எடுத்துவைப்பார், மற்றவர்கள் முதலில் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். அப்புறம் பேசும்போதும் "நீ இப்படிச் செய்" என்று யாரும் சொல்லக்கூடாது, "எனக்கு இப்படி வந்தது, நான் இதைச் செய்தேன், கடைசியில் இப்படி முடிந்தது" என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாக் குழுவிலும் இந்த விதி இவ்வளவு கறாராக இருக்காது, ஆனால் இருக்கிற குழுவைத்தான் நான் சிபாரிசு செய்வேன். புத்திமதி சொன்னால் நாம் உடனே பதில் வாதம் தேட ஆரம்பித்துவிடுவோம், அடுத்தவர் கதையைக் கேட்கும்போது அந்த வேலை இல்லை, நமக்குப் பொருந்துவதை நாமே எடுத்துக்கொள்ளலாம். 2018 பிப்ரவரியில் சாப்ரா பொறுப்பேற்றபோது, அதற்கு முன் அந்த வேலையைப் பார்த்த மருந்துக் கட்டுப்பாட்டு கவுன்சில் விட்டுப்போன ஏறக்குறைய 16,000 விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. அந்தக் குவியலுக்குள் தன் மருந்தும் கிடக்க, வருடக்கணக்கில் கம்பெனியை எப்படி உயிரோடு வைத்திருந்தேன் என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர் உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் அதன் மதிப்பே வேறு.

அதனால்தான் சொல்கிறேன், பொதுவான வியாபாரக் குழுவைவிட மருந்து, கருவி, லேப் ஆட்கள் கொஞ்சம் பேராவது இருக்கும் குழுவைத் தேடுங்கள். ஓட்டல் நடத்துபவருக்கு இந்த மாதம் செய்தது சரியா தவறா என்று அடுத்த மாதமே கணக்கில் தெரிந்துவிடும். இந்தத் துறையில் அப்படி இல்லை. மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனைக்கு வரும் மருந்துகளில் பத்தில் ஒன்றுகூட விற்பனைக்கு வந்து சேர்வதில்லை, சேர்வதற்கும் சராசரியாகப் பத்து வருடம் ஆகிறது. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டும் தோற்கலாம். இதே தென்னாப்பிரிக்காவில் 2016ல் தொடங்கிய எச்ஐவி தடுப்பூசிச் சோதனையை நினைத்துப் பாருங்கள், 5,400 பேர் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள், 2020 ஆரம்பத்தில் கணக்குப் பார்த்தால் உண்மையான ஊசி போட்டவர்களில் 129 பேருக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 123 பேருக்கும் தொற்று வந்திருந்தது. அதோடு நிறுத்திவிட்டார்கள். யார் மேலும் தப்பு இல்லை. ஆனாலும் இப்படி ஒரு முடிவு வந்த மறுநாள் காலையில் ஊழியர்கள் முன்னால் யாராவது ஒருவர் நிற்கத்தானே வேண்டும்? என்ன சொல்வது, யாருக்கு முதலில் சொல்வது, சோதனையில் சேர்ந்த ஜனங்களுக்கு எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அந்த இடத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். டைல்ஸ் கடைக்காரர் எவ்வளவு நல்ல மனசோடு கேட்டாலும் "விளம்பரத்தைக் கூட்டிப் பாரேன்" என்பதைத் தாண்டி வருவது கஷ்டம்.

டர்பனுக்குள் மட்டும் தேடினால் ஆள் போதாது, எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாகவும் இருப்பார்கள். கேப்டவுன், ஜோகன்னஸ்பர்க் ஆட்களையும் சேர்த்து வீடியோவில் கூடி, வருடத்தில் ஒன்றிரண்டு முறையாவது நேரில் சந்திக்கிற மாதிரி இருந்தால் நல்லது. கட்டணம் என்று பார்த்தால் இரண்டு வகை உண்டு. உறுப்பினர்களே மாறி மாறி நடத்துவது ஒன்று, சம்பளம் வாங்கும் நடத்துநர் வைத்து, அவர் தனியாகவும் உங்களோடு மாதம் ஒருமுறை உட்காருவது இன்னொன்று. இரண்டாவது செலவு அதிகம், ஆனால் முதல் தடவை போகிறவருக்கு அதுதான் எளிது என்பது என் எண்ணம். ஒன்று மட்டும் கவனியுங்கள், அந்த நடத்துநர் உங்களுக்கு வேறு ஆலோசனை வேலையோ, முதலீட்டாளர் அறிமுகமோ விற்கப் பார்த்தால் அங்கே இருக்காதீர்கள். சேர்வதற்கு முன்னால் ஒரு கூட்டத்துக்கு விருந்தாளியாக வரலாமா என்று கேளுங்கள். அந்தக் குழுவை விட்டுப் போனவர் ஒருவரிடமும் பேசிப் பாருங்கள், இருப்பவர்கள் சொல்வதைவிட அவர் சொல்வது உபயோகமாக இருக்கும்.

இன்னொரு விஷயம் தம்பி, இதை நான் சொல்லியே ஆக வேண்டும். போர்டிடம் சொல்லாமல் இருக்க இந்தக் குழு ஒரு வழி இல்லை. நம் கம்பெனிச் சட்டத்தில், அடுத்த ஆறு மாதத்துக்குள் வரும் கடன்களைக் கட்ட முடியாது என்று தெரிகிற நிலைக்கு வந்துவிட்டால் கம்பெனி நிதி நெருக்கடியில் இருப்பதாகத்தான் கணக்கு, அதற்கப்புறம் கம்பெனியை மீட்பதற்கான சட்ட நடவடிக்கையை (பிசினஸ் ரெஸ்கியூ) போர்டு எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று கடன் கொடுத்தவர்களுக்கும் ஊழியர்களுக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். உங்களிடம் ஏழெட்டு மாதம்தான் இருக்கிறது, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். குழுவில் முதல் கூட்டத்திலேயே இதை எடுத்துவையுங்கள், போர்டில் எப்படிச் சொல்வது என்று அங்கே வாய்விட்டுப் பழகிக்கொள்ளுங்கள், அந்த மாதமே போர்டில் சொல்லிவிடுங்கள். மனைவியிடமும் சொல்லுங்கள். அவருக்கு இந்நேரம் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கும்.

கேள்வி: அம்மா, என் மகள் மருந்து கம்பெனி ஒன்றின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறாள். இப்படி ஒரு குழுவுக்குப் போகிறாள். அதே தொழிலில் இருக்கும் போட்டிக் கம்பெனிக்காரர்களும் அங்கே வருகிறார்களாம். நாளைக்கு இது வழக்கு, வாய்தா என்று வந்து நிற்குமா என்று எனக்கு பயம். – சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. இந்த நாட்டில் மருத்துவமனைகளுக்கான சலைன் டெண்டரில் போட்டியாளர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டது வெளியே வந்து, 2008ல் அட்காக் இங்கிராம் கிரிட்டிக்கல் கேர் கம்பெனி சுமார் 53.5 மில்லியன் ராண்ட் அபராதம் கட்டியது. அப்போது கம்பெனிக்குத்தான் தண்டனை. 2016 மே மாதத்திலிருந்து இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு உடந்தையாக இருக்கும் இயக்குநரும் மேலாளரும் பத்து வருடம் வரை சிறைக்குப் போகலாம் என்று சட்டம் வந்துவிட்டது.

அதனால் மகளிடம் சொல்லுங்கள், விலை, டெண்டர், எந்த மாகாணத்தில் யார் விற்பது, யாரிடம் வாங்குவது, அடுத்து எந்த மருந்தைப் பதிவு செய்யப் போகிறோம், இவை அந்த அறைக்குள் வரவே கூடாது. தூக்கம் வராதது, போர்டோடு தகராறு, இரண்டாம் நிலை மேலாளரை அனுப்புவதா வேண்டாமா, 2021 ஜூலை கலவரத்தில் குடோனைப் பறிகொடுத்துவிட்டு ஆட்களை எப்படித் திரும்ப வேலைக்குக் கொண்டுவந்தோம் என்பதெல்லாம் தாராளமாகப் பேசலாம். பேச்சு விலைப் பக்கம் சாய்ந்தால் "இது எனக்கு வேண்டாம்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே வர வேண்டும், அன்றைக்கே கம்பெனி வக்கீலுக்கு எழுதிப் போட வேண்டும். மௌனமாக உட்கார்ந்திருந்தேன் என்பது பின்னால் உதவாது. குழுவில் "வெளியே சொல்லமாட்டோம்" என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள், நல்லதுதான், ஆனால் வக்கீலிடம் பேசுவதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது, கோர்ட் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். கம்பெனி பங்குச் சந்தையில் இருந்தால் வெளிவராத சோதனை முடிவைப் பற்றி மூச்சுகூட விடக்கூடாது. என்னைக் கேட்டால் நேரடிப் போட்டியாளர்கள் இரண்டு பேர் ஒரே குழுவில் இருக்கவே வேண்டாம், இருந்தால் ஒருவர் வேறு குழுவுக்கு மாறட்டும். நல்ல நடத்துநர்கள் சேர்க்கும்போதே இதைப் பார்த்துவிடுவார்கள்.

கேள்வி: நான் லேபிலிருந்து வந்தவள். எங்கள் ஆராய்ச்சியை வைத்து ஆரம்பித்த கம்பெனிக்கு நானே தலைவர் ஆகிவிட்டேன். குழுவில் எல்லாரும் எம்பிஏ பாஷை பேசுகிறார்கள், வாயைத் திறக்கவே தயக்கமாக இருக்கிறது. நானே சின்னதாக ஒரு குழு ஆரம்பிக்கலாமா? – கேப்டவுன் வாசகி

பதில்: ஆரம்பியுங்கள் அம்மா, ஐந்து பேர் போதும். உங்களைப் போலவே ஆராய்ச்சியிலிருந்து வந்து முதல் தடவை தலைமை ஏற்றவர்களாகப் பாருங்கள், அவர்களில் ஒரு பெண்ணாவது கூட இருந்தால் உங்களுக்கு இன்னும் லேசாக இருக்கும். உங்களுக்குப் பொருள் சப்ளை செய்பவர், உங்களிடம் வாங்குபவர், பணம் போட்டவர், சொந்தக்காரர் யாரும் வேண்டாம். முதல் கூட்டத்தில் வேறு எதுவும் பேசாமல் விதிகளை மட்டும் எழுதுங்கள், எத்தனை தடவை வராவிட்டால் வெளியே என்பதையும் சேர்த்து, ஏனென்றால் வராமல் இருப்பதுதான் பெரும்பாலான குழுக்களை முடித்து வைக்கிறது. இப்போது இருக்கும் குழுவை உடனே விட்டுவிடாதீர்கள். ஒருவர் பேசும்போது புரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேளுங்கள், நிஜமாகவே கேட்டுவிடுங்கள். சோதனைத் தரவை எப்படிப் படிப்பது என்று அவர்களுக்குச் சொல்லக்கூடிய ஆள் அந்த அறையில் நீங்கள்தான், அது அவர்களுக்கும் தேவை.

கேள்வி: என் கணவர் இரண்டு வருடமாக இப்படி ஒரு குழுவுக்குப் போகிறார். ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார், சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளிடம்கூடப் பேச்சில்லை. குழுவை மாற்றச் சொல்லலாமா? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: குழுவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அந்தக் குழுவில் இருப்பவர்கள் நல்ல துணை, ஆனால் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை. உங்கள் குடும்ப டாக்டரிடமே தொடங்கலாம். வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது சாடாக் அமைப்புக்கு, அதாவது தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்ற நோய்க் குழுவுக்கு, போன் செய்து எப்படிப் பேசுவது என்று கேளுங்கள், குடும்பத்தாருக்கும் அவர்கள் வழி சொல்வார்கள். உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.