பார்க்க விடாவிட்டாலும் பால் போகட்டும்

31 வாரத்தில் பிறந்த மகன் என்ஐசியுவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்), எனக்குக் கோவிட், பால் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்பலாம் சகோதரி. உலக சுகாதார நிறுவனமும் 2020இலேயே தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றுதான் சொன்னது. மாஸ்க் போட்டு, கையை சோப்பால் கழுவி, இரண்டு மூன்று மணிக்கொரு முறை பீய்ச்சுங்கள், ராத்திரியும்தான். முதலில் ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. மஞ்சளாகக் கெட்டியாக வரும் அந்தச் சீம்பாலைக் கொட்டிவிடாதீர்கள். என் மகளுக்கு நர்ஸம்மா அதைச் சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உள்பக்கம் தடவியதை வீடியோ காலில் பார்த்தேன். குட்டி நாக்கு அசைந்தது.

போனில் எடையை மட்டும் கேட்காதீர்கள், எத்தனை மில்லி பால், ஆக்சிஜன் எவ்வளவு என்றும் கேளுங்கள். அப்புறம், பிறந்து 4 வாரத்துக்குள் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை. கோவிட்டைச் சாக்கிட்டு அதைத் தள்ளிப்போடவே கூடாது. உள்ளே விட்டதும், குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.