எண்களுக்குப் பொறுப்பாளர்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் என்ஹெச்எஸ் என்னும் அரசு மருத்துவச் சேவையின் ஒரு மருத்துவமனை டிரஸ்டில் (மருத்துவமனைகளை நடத்தும் அமைப்பு) டேட்டா அனலிஸ்டாக வேலை பார்க்கிறேன். பக்கத்து டிரஸ்டில் தரவுச் சேவைகளின் இயக்குநர் பதவிக்கு விளம்பரம் வந்திருக்கிறது. தொலைநோக்கு, தலைமைப் பண்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்காருபவர் உண்மையில் என்ன செய்வார் என்றுதான் விளங்கவில்லை. தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் நன்றாகத் தெரிந்தால் போதுமா? நேர்காணலுக்கு எதைப் படிப்பது?

சு., லெஸ்டர்

அன்புள்ள சு.,

எஸ்கியூஎல் வேண்டும்தான், ஆனால் எழுதுவதற்கு அல்ல, மற்றவர் எழுதியதைக் குடைந்து கேட்பதற்கு. விளம்பரத்தின் அலங்காரத்தையெல்லாம் உரித்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு வேலை. வந்துசேரும் எண் முழுசாக வந்ததா என்று பார்ப்பது; யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவெடுப்பது.

முதலாவதற்கு 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகங்கள் சிஎஸ்வி என்னும் எளிய உரைக் கோப்புகளாக அனுப்பிய கொரோனா முடிவுகளை, அரசின் பொதுச் சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து பழைய எக்ஸ்எல்எஸ் வகை எக்செல் தாளில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. ஒரு முடிவுக்கே பல வரிகள் பிடித்ததால், ஒரு தாளில் ஏறக்குறைய 1,400 பேர்தான் அடங்கினார்கள். மிச்சம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உதிர்ந்துபோனது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களுக்குப் பரிசோதனை முடிவு போய்விட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் குழுவுக்குத்தான் பெயர்கள் போகவில்லை. எல்லாரும் எக்செலைத் திட்டினார்கள். குறை அங்கே இல்லை. அனுப்பியது எத்தனை வரி, ஏறியது எத்தனை வரி என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் வேலையை நிறுத்தும் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். அது ஒரு நாள் வேலை. அதைச் செய்யச் சொல்லிக் கட்டளையிட ஆள் வேண்டும்; அதற்குத்தான் இயக்குநர்.

மருத்துவமனைக்குள் இதே கோளாறு வேறு உருவில் வரும். புதிய மின்னணு நோயாளர் பதிவேட்டுக்கு மாறும் மாதங்களில் காத்திருப்போர் பட்டியல் திடீரென்று வீங்கும். நோயாளிகள் கூடியிருக்க மாட்டார்கள். வெளிநோயாளர் பிரிவில் பார்த்து முடித்தபின் ‘சிகிச்சை தொடங்கியாயிற்று’ என்று திரையில் பதிய வேண்டும். புதுத் திரையில் அந்தப் பொத்தான் எங்கே என்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். பதினெட்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்குக்கான கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதேபோல, வீடு திரும்பியவரின் கேஸ் ஷீட்டைப் படித்து நோய்க்கு ஐசிடி-10, அறுவைக்கு ஓபிசிஎஸ்-4 குறியீடு போடும் கோடர்கள் பின்தங்கினால், அந்தச் சிகிச்சை யூஇஸட்01இஸட் என்ற கழிவுப் பெட்டிக்குள் விழும். அதற்குக் காசு கிடையாது. வரவு குறைந்தால் காரணத்தை முதலில் கோடர் அறையில் தேடுங்கள், டாஷ்போர்டில் அல்ல.

இரண்டாவது வேலையில் பெரிய திட்டங்களே கவிழ்ந்திருக்கின்றன. குடும்ப மருத்துவர்களின் பதிவுகளை மையமாகத் திரட்ட வந்த கேர்.டேட்டா திட்டத்துக்கு 2014 ஜனவரியில் வீடு வீடாகத் துண்டறிக்கை போனது, பிப்ரவரியில் நிறுத்திவைத்தார்கள், 2016 ஜூலையில் கைவிட்டார்கள். 2021இல் இன்னொரு வடிவில் வந்தபோது, சில வாரங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ‘என் தரவு வேண்டாம்’ என்று பதிந்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. இரண்டிலும் மக்களை விலக்கியது தொழில்நுட்பம் அல்ல. யார் எடுத்துப்போவார்கள் என்ற கேள்விக்கு நேரான பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கால்டிகாட் கார்டியன் (நோயாளிகளின் தகவல் ரகசியத்தைக் காக்கும் மூத்த பொறுப்பாளர்), தகவல் அபாயத்துக்குப் பொறுப்பான மூத்த அதிகாரி, தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஆகிய மூவரின் எல்லைகளையும் படித்துவிட்டுப் போங்கள். அவர்கள் ‘முடியாது’ என்றால் அதைச் சுற்றிப்போக வழி தேடுவது உங்கள் வேலை அல்ல. நோயாளியின் சம்மதமின்றி அடையாளமுள்ள தரவைத் தருவதற்கு 2006 தேசியச் சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 251ஆம் பிரிவு எப்போது வேண்டும், ‘என் தரவு வேண்டாம்’ என்று நோயாளி பதியும் தேசிய விலகல் எப்போது பொருந்தும் என்பதையும் கேட்பார்கள்.

ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சின்ன எண்களைப் பற்றியும் கேட்பார்கள். மருத்துவமனைச் சேர்க்கைத் தரவை வெளியிடும்போது உள்ளூர் அளவில் 1 முதல் 7 வரையான எண்ணை மறைத்து, மற்றதை ஐந்தின் மடங்காக்குவது அங்கே வழக்கம். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் மறைத்து மொத்தத்தை அப்படியே விட்டால், கழித்துப் பார்க்கிறவருக்கு விடை கிடைத்துவிடும். ஒரே கேள்வியை எல்லையைக் கொஞ்சம் மாற்றி இரண்டு முறை கேட்டாலும் அதே கதைதான். இதற்கு ஓர் உதாரணத்தைத் தாளில் போட்டுக் காட்ட முடிந்தால், நேர்காணல் குழு நிமிர்ந்து உட்காரும்.

நீங்களும் கேளுங்கள். நடப்பிலுள்ள தரவுப் பகிர்வு ஒப்பந்தங்களின் பட்டியல் இருக்கிறதா, காலாவதியானவற்றுக்குத் தரவை அழித்த சான்று வந்திருக்கிறதா? இந்தப் பதவி யாருக்குக் கீழ் வருகிறது? நிதி இயக்குநருக்குக் கீழ் என்றால், பில் தொகையைப் பாதிக்காத பிழைகள் கடைசி வரிசைக்குப் போகும். அதற்கு ஒப்புக்கொண்டுதான் சேர வேண்டியிருக்கும்.