சிறிய இடத்தில் மாதிரி ரயில் பாதை அமைக்க எதிலிருந்து தொடங்க வேண்டும்?

சுவரோரமாக 2 மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இடம்தான் இருக்கிறது, அதில் உருப்படியான ஒரு மாதிரி ரயில் பாதையை அமைக்க முடியுமா, முதலில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்பாக, உங்கள் ரயில் அங்கே என்ன வேலை செய்யப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள். நெடுநாளாக இதில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பாதையின் வடிவம், வளைவு, ஒயரிங், காட்சியமைப்பு ஆகிய அனைத்தும் அந்த முடிவைப் பொறுத்தே அமைகின்றன.

பெரும்பாலோர் மனத்தில் முதலில் தோன்றுவது வட்டப்பாதை. உங்கள் இடத்துக்கு அது ஒத்துவராது. பரவலாகப் புழங்கும் எச்ஓ அளவு 1:87 விகிதத்தில் அமைந்தது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மி.மீ. இடைவெளி இருக்கும். நிஜத்தில் 23 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி இந்த அளவில் 26 செ.மீ.யைத் தாண்டும். இருப்பதிலேயே நீளமான பெட்டியைப் போல் மூன்று மடங்காவது வளைவின் ஆரம் இருந்தால்தான் ஓட்டம் சீராக இருக்கும் என்பது அனுபவத்தில் வந்த கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்தப் பெட்டிக்கு ஏறத்தாழ 80 செ.மீ. ஆரம் தேவைப்படும். 1:160 விகிதமும் 9 மி.மீ. பாதையும் கொண்ட ‘என்’ அளவில்கூட, 40 செ.மீ. அகலப் பலகையில் வட்டம் திணித்து வைத்தது போலத்தான் இருக்கும். மேம்பாலம் கட்டும் ஆசையையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்: நூற்றுக்கு இரண்டு என்ற ஏற்றத்தில் 8 செ.மீ. உயரம் ஏறுவதற்கு மட்டும் 4 மீட்டர் பாதை வேண்டும்.

ஆகவே உங்களுக்கு ஏற்றது ஷண்டிங் யார்டு, அதாவது வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பிரித்துக் கோர்க்கும் இடம். பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் உருவாக்கிய ‘இங்கிள்நூக்’ அமைப்பை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். அதில் ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட்டுகள் இரண்டே, வேகன்கள் நிற்கும் பக்கப் பாதைகளான சைடிங்குகள் மூன்று. ஒரு சைடிங்கில் ஐந்து வேகன்கள் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று நிற்கும். இன்ஜின் முன்னும் பின்னும் போய்வரும் தலைப்பாதையில் இன்ஜினுக்கும் மூன்று வேகன்களுக்கும் மட்டுமே இடம் உண்டு. மொத்தம் எட்டு வேகன்கள். அவற்றுக்குரிய எட்டுச் சீட்டுகளைக் குலுக்கி, வரிசையாக எடுத்த ஐந்து சீட்டுகளின்படியே ஐந்து வேகன்கள் கொண்ட ரயிலைக் கோர்க்க வேண்டும். அந்த ஐந்துக்கு 6,720 வரிசைகள் சாத்தியம் என்பதால், ஆடிய ஆட்டமே திரும்ப வருவது அபூர்வம். 15 செ.மீ. நீளமுள்ள எச்ஓ வேகன்களை வைத்தாலும் இது 2 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இங்கே ரயில் நிஜ ஷண்டிங்கின் வேகத்தில், அதாவது மணிக்கு 10 கிலோமீட்டருக்கு நிகரான வேகத்தில் ஊர்ந்தாக வேண்டும்; எச்ஓ அளவில் அது நொடிக்கு 3 செ.மீ.தான். வேகமாக ஓடும் இன்ஜின் பாதையின் சிறு குறைகளைத் தன் வேகத்தாலேயே கடந்துவிடும், ஊர்ந்து செல்வது நின்றுவிடும். அதனால் உங்கள் பணத்திலும் பொறுமையிலும் பெரும்பங்கைத் தண்டவாளத்துக்கும் பாயின்ட்டுகளுக்கும் ஒதுக்குங்கள். பாயின்ட்டில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை ஃப்ராக் என்பார்கள். அது பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தால், குட்டையான இன்ஜின் அதன்மேல் வந்ததும் மின்சாரம் இழந்து நின்றுபோகக்கூடும். உலோகத்தால் ஆகி, பாயின்ட் திரும்பும் பக்கத்துக்கேற்ப மின்சாரம் மாறும் ஃப்ராக்கே ஷண்டிங்குக்கு உகந்தது. தண்டவாளத்தை ஆணியோ பசையோ கொண்டு நிலைநிறுத்துவதற்கு முன், ஒவ்வொரு இணைப்பின் மேலும் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியை ஓட்டிப் பாருங்கள். விரலில் நெருடும் இடத்தில் சக்கரமும் நெருடும். பிறகு ஒரு வேகனைக் கையால் மெல்லத் தள்ளி, பாயின்ட்டின் இரு வழிகளிலும் முன்னோக்கியும் பின்னோக்கியும் செலுத்திப் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் பரிந்துரைக்கும் கணக்கின்படி 15 செ.மீ. நீளமுள்ள எச்ஓ வேகன் ஏறத்தாழ 110 கிராம் எடை இருக்க வேண்டும். எடை குறைந்த வேகன் பின்னோக்கித் தள்ளப்படும்போது எளிதில் தடம் புரளும்.

மின்இணைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோகத் தகடுகள் நாளடைவில் கறுத்து மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால், அவற்றை நம்பியிருக்க வேண்டாம். பலகைக்கு அடியில் தடித்த ஒயர் இரண்டை நீளவாக்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு துண்டிலிருந்தும் மெல்லிய ஒயரை இறக்கி அவற்றோடு சாலிடர் செய்யுங்கள். ஒரே இன்ஜின் என்றால் சாதாரண நேர்மின்னோட்ட (டிசி) கட்டுப்பாடே போதுமானது. ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின்களைத் தனித்தனியாக இயக்கவோ ஒலியும் விளக்கும் சேர்க்கவோ விரும்பினால், தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும், 1990களில் பொதுத்தரமாக்கப்பட்ட டிசிசி முறைக்குப் போகலாம்.

இனி நுணுக்க வேலை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஜல்லி இடுவது. முதலில் தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருப்பிடித்த பழுப்பு நிறத்தைப் பூசி, மேற்பரப்பில் பட்டதை உடனே துடைத்துவிட வேண்டும். பின் அளவுக்கேற்ற நுண்ஜல்லியைத் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளுக்கு இடையில் தூவி, மென்மையான தூரிகையால் கட்டைகளின் தலை தெரியும்வரை ஒதுக்க வேண்டும். அதன்மேல் நேரடியாகப் பசையை விட்டால், அது முத்து முத்தாகத் திரண்டு ஜல்லியையும் இழுத்துக்கொண்டு உருளும். ஆகவே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைப் பனிபோல் தெளித்து நனைத்த பிறகே, சம அளவு தண்ணீர் சேர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டுக்குழாயால் விட வேண்டும். ஈர ஜல்லி அதைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். பாயின்ட்டின் அசையும் நாக்குகளின் அருகில் மட்டும் பசையைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே தரைக்கு ஜல்லியின் நிறத்தைப் பூசிவிட்டாலே கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

வேகன்களைப் புதுமெருகோடு விட வேண்டாம். மிகவும் நீர்த்த பழுப்பு அக்ரிலிக்கைப் பூசி, உயரமான பரப்புகளில் துடைத்துவிட்டால், பலகை இடுக்குகளிலும் ரிவெட்டுகளைச் சுற்றியும் அழுக்கு தங்கி, பளபளப்பான பிளாஸ்டிக் உழைத்த வண்டியாக மாறும். பின்னணியில் மலையும் ஊரும் தேவையில்லை. ஒரு கிடங்கின் முன்சுவரை மட்டும் சில சென்டிமீட்டர் தடிமனில் செய்து பின்பலகையோடு ஒட்டினால், அகலம் மிச்சமாவதோடு வேகன் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அந்தக் காரணம்தான் இயக்கத்துக்கு உயிர் கொடுப்பது. சீட்டு விளையாட்டு பழகிய பின், ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை எழுதி, அதில் என்ன சரக்கு, எங்கிருந்து எங்கே என்று குறித்து வையுங்கள். சிமென்ட் ஏற்றிய வேகன் கிடங்கு வாசலுக்கும், காலி வேகன் வெளியேறும் ரயிலுக்கும் போக வேண்டும் என்றாகிவிட்டால், எந்த வேகனை முதலில் நகர்த்துவது என்ற யோசனையே முழு மாலையையும் எடுத்துக்கொள்ளும். பலகையை அமைக்கும்போதே தலைப்பாதையை விளிம்புவரை கொண்டுபோய், தற்காலிகத் தடுப்பு ஒன்றை வைத்து, சட்டத்தில் போல்ட் துளைகளையும் இட்டுவிடுங்கள். பின்னாளில் கூடுதல் இடம் கிடைத்தால், தடுப்பை எடுத்துவிட்டு அடுத்த பலகையைப் பொருத்திக்கொள்ளலாம்.