ஐந்து கட்டைக்குச் சற்று மேலே: இரைச்சலற்ற சிங்கிள் காயில் பிக்கப் குறித்துச் சில கேள்விகள்

பெரம்பூரில் உள்ள என் சிறிய பட்டறைக்கு வரும் ஸ்ட்ராட் வகைக் கிதார்கள் (ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் மாதிரியில் மூன்று பிக்கப் கொண்டவை) பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வருகின்றன: "ஹம்மிங் அடிக்கிறது, நாய்ஸ்லெஸ் பிக்கப் மாற்றிக் கொடுங்கள்." பிக்கப் என்பது தந்தியின் அசைவை மின்னழுத்தமாக்கும் பாகம்; அதை மாற்றிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே பொருள் அல்ல. ஒவ்வொன்றும் இரைச்சலைக் குறைப்பதற்கு ஒவ்வொரு இடத்தில் விலை கேட்கிறது. சில மாதங்களாகச் சேர்ந்துகிடந்த கேள்விகளை அதை மனத்தில் வைத்துக்கொண்டே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கிதாரை ஜன்னல் பக்கம் திருப்பினால் இரைச்சல் ஏறுகிறது, அலமாரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கோளாறு கிதாரிலா, வீட்டிலா? (கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

பதில்: இரண்டிலும் இல்லை. சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்கப் என்பது காந்தக் குச்சிகளைச் சுற்றி ஏறத்தாழ 8,000 சுற்றுக்கு மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிய ஒரு பொருள். காந்தம் தனக்கு மேலே உள்ள எஃகுத் தந்தியையும் காந்தமாக்கி வைத்திருக்கிறது. தந்தி அசைந்தால் காயிலின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. அந்த மாற்றம்தான் மின்னழுத்தமாகி ஆம்புக்கு (ஒலியைப் பெருக்கும் கருவி) போகிறது. தந்தியால் வந்த மாற்றம் எது, சுவருக்குள் ஓடும் மின்கம்பியாலும் அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மராலும் வந்த மாற்றம் எது என்று காயிலுக்குப் பிரித்தறியத் தெரியாது. அந்தப் புலத்துக்குக் காயில் முகம்காட்டி நிற்கும்போது நிறைய வாங்கும், பக்கவாட்டில் திரும்பியதும் குறைவாக வாங்கும்; உங்கள் வீட்டில் நடப்பது அதுதான்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இந்த ஹம் ஐந்து கட்டைச் சுருதிக்கு (மேற்கத்திய G) சற்று மேலே நிற்கும். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் அதே சுருதியின் அடுத்த ஸ்தாயி. (60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் அது ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் விழும். ஐந்து கட்டையில் பாடல் வாசிக்கும்போது ஹம் அவ்வளவாக உறுத்தாமல், ஐந்தரைக்கு ஏற்றியதும் காதைக் கடிப்பதாகச் நம் ஊரில் சொல்பவர்களுக்குக் காரணம், நம் ஹம் ஐந்து கட்டையை ஒட்டி நிற்பதே.) ஆனால் உண்மையில் எரிச்சலூட்டுவது 50 ஹெர்ட்ஸ் அல்ல, அதன் மேல்மடங்குகள். படிப்படியாக நிற்கும் கண்டென்சர் வகை மின்விசிறி ரெகுலேட்டர் பெரும்பாலும் தொல்லை தராது; தடையில்லாமல் சுழலும் வகையோ மின்னலையை நடுவில் வெட்டி வெட்டி அனுப்புவதால் "ஹம்" என்பது "ஜிர்ர்" என்று மாறிவிடும். சதுர அலை இன்வெர்ட்டரும் அப்படியே. என் பட்டறையில் மின்சாரம் போய்ப் பழைய இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த நொடியில், மேசைமேல் கிடக்கும் கிதார் குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டதுபோல் ஒலிக்கத் தொடங்கும். ஆகவே பிக்கப்புக்குச் செலவழிக்கும் முன், விசிறியை நிறுத்தி, இன்வெர்ட்டரை அணைத்து, ஆம்பிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்து ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: காணொளி பார்த்து, கிதார் உடலில் பிக்கப்புகள் அமரும் குழி முழுவதும் செம்புத் தாள் ஒட்டினேன். ஹம் அப்படியே இருக்கிறது. ஒட்டியது தவறா? (கொருக்குப்பேட்டை)

பதில்: ஒட்டியது சரியாகவே இருக்கும், எதிர்பார்த்ததுதான் தவறு. செம்புத் தாளும் கிராஃபைட் பெயின்ட்டும் மின்புலத்தைத் தடுக்கும். தந்தியைத் தொட்டதும் நின்றுவிடும் "கிர்" சத்தம் அந்த வகை. கிதாரைத் திருப்பினால் கூடிக் குறையும் ஹம் காந்தப்புலத்தால் வருவது. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு அந்த மெல்லிய தாள் ஜன்னல் கண்ணாடி போலத்தான். தாளைப் பிய்த்துவிட வேண்டாம், எந்தப் பிக்கப் போட்டாலும் அது பயன்படும். மூன்றாவதாக ஒரு சோதனையும் இருக்கிறது: கிதாரின் வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் இரைச்சல் இருந்தால், கேபிளையும் ஆம்பையும் பாருங்கள், கிதாரைத் திறக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் நான் வாசிக்கும் ஸ்ட்ராட்டில், சுவிட்ச் இரண்டாம் நிலையிலும் நான்காம் நிலையிலும் மட்டும் ஹம்மே இல்லை. அந்த இரண்டில் என்ன அதிசயம்? (ராயபுரம்)

பதில்: அந்த இரண்டு நிலைகளிலும் நடுப் பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப் ஒன்றும் சேர்ந்து ஒலிக்கின்றன. உங்கள் கிதாரில் நடுப் பிக்கப் மட்டும் காந்தத்தின் துருவமும் கம்பி இணைப்பின் திசையும் தலைகீழாக்கப்பட்டது. தந்தியின் ஒலி துருவம், திசை இரண்டையும் பொறுத்தது என்பதால் இரண்டு முறை தலைகீழாகி நேராகிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் ஹம்முக்குக் காந்தத் துருவத்தோடு சம்பந்தமில்லை, அது ஒருமுறை மட்டுமே தலைகீழாகி, பக்கத்துப் பிக்கப்பின் ஹம்மோடு மோதி அழிகிறது. 1955-இல் கிப்ஸன் நிறுவனத்தின் செத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப்பின் தத்துவமும் இதுவே. தனியாக ஒரு பிக்கப்பைத் தேர்ந்தெடுத்தால் மோதி அழிக்கத் துணை இல்லை, ஹம் திரும்பிவிடும். பெரும்பாலும் இரண்டிலும் நான்கிலும் வாசிப்பவருக்கு நாய்ஸ்லெஸ் பிக்கப் தேவையே இல்லை என்பேன்.

கேள்வி: நாய்ஸ்லெஸ் பிக்கப் போட்டால் ஸ்ட்ராட்டின் அந்த மணியோசை போய்விடும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். இன்றைய தயாரிப்புகளிலும் அப்படித்தானா? (மெல்லிசைக் குழுக் கிதார் கலைஞர், தண்டையார்பேட்டை)

பதில்: மூத்தவர்கள் கேட்ட பிக்கப்புகளுக்கு அது உண்மை, இன்று பாதி உண்மை. ஏன் என்பதற்குச் சற்று உள்ளே போக வேண்டும்.

அதிகம் விற்பது அடுக்கு வகை. ஒரே உறைக்குள் மேலே ஒரு காயில், கீழே ஒரு காயில். ஹம் தொலைவிலிருந்து வருவதால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறது. கீழ்க் காயிலை எதிர்த்திசையில் இணைத்தால் அது அழிகிறது. தந்தி மேல் காயிலுக்கு மிக அருகில் இருப்பதால் அதன் ஒலி பெரும்பாலும் தப்பிக்கிறது. சிக்கல் அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லில் இருக்கிறது. ஒரே காந்தக் குச்சி இரண்டு காயிலையும் துளைத்துச் செல்வதால் தந்தியின் ஒலியில் ஒரு பங்கு கீழ்க் காயிலுக்கும் இறங்கி, மேல் காயிலிலிருந்து கழிக்கப்படுகிறது. அதோடு, ஒரு காயிலுக்கான உயரத்தில் இரண்டு காயில் அடங்க வேண்டும். பழைய ஸ்ட்ராட் பிக்கப்பின் கம்பி 0.063 மில்லிமீட்டர் விட்டம் உடையது. இடம் பாதியாகும்போது அதைவிட மெல்லிய கம்பிக்குப் போக வேண்டியிருக்கிறது, மின்தடை ஏறுகிறது.

மணியோசை என்று நீங்கள் சொல்வது எங்கே பிறக்கிறது என்றால், காயிலின் இண்டக்டன்ஸும் (மின்தூண்டல் அளவு) கேபிளின் மின்கொள்ளளவும் சேர்ந்து உண்டாக்கும் ஒத்ததிர்வு முகட்டில், அதாவது ஒலி மிக எடுப்பாகும் அதிர்வெண்ணில். 2.4 ஹென்றி காயிலும், கேபிளையும் சேர்த்து 600 பிக்கோஃபாரட் கொள்ளளவும் என்றால், அந்த முகடு 4,200 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும். மின்தடை ஏறினால் முகட்டின் உயரம் குறைகிறது, இண்டக்டன்ஸ் ஏறினால் முகடே கீழே இறங்குகிறது. பழைய அடுக்குப் பிக்கப்புகள் போர்வை போர்த்தியதுபோல் ஒலித்தது இதனால்தான்.

பிந்தைய வடிவமைப்பாளர்கள் கைவைத்தது கீழ்க் காயிலில். ஆஸ்திரேலியாவின் கின்மேனும் அமெரிக்காவின் டிமார்சியோவும் தத்தம் வழியில், இரும்புப் பாகங்களைக் கொண்டு கீழ்க் காயிலைத் தந்தியின் காந்தப் பாதையிலிருந்து விலக்கினார்கள். அதே இரும்பு அந்தக் காயிலை ஹம்முக்குக் கூடுதல் கூர்மையாக்குவதால், குறைந்த சுற்றிலேயே தேவையான அளவு எதிர் ஹம் கிடைத்துவிடுகிறது. சுற்று குறைந்தால் மின்தடையும் குறையும். இந்த வகைப் பிக்கப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, இது சிங்கிள் காயில் அல்ல என்று சொல்ல எனக்குப் பல சமயம் முடிவதில்லை. ஆனால் பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகடு) மென்மையாகப் பிடித்து வால்யூமை ஏழில் வைத்து வாசிக்கும்போது, பழைய பிக்கப் தரும் அந்தக் காற்றோட்டம் கொஞ்சம் குறைகிறது என்பதே என் காதின் தீர்ப்பு. மெல்லிசை மேடையில், டிரம்ஸுக்கும் தபேலாவுக்கும் நடுவில், அதை யாரும் கவனிக்கப்போவதில்லை.

அடுக்காமல் பக்கவாட்டில் பிரிப்பது இன்னொரு வழி. லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1957-இலேயே பிரசிஷன் பேஸ் கிதாரில் காயிலை இரண்டாக வெட்டி, இரண்டு தந்திக்கு ஒன்று, மற்ற இரண்டுக்கு ஒன்று என்று தலைகீழ்த் துருவத்தோடு வைத்தது; பிற்காலத்தில் அவருடைய ஜி அண்டு எல் நிறுவனத்தின் இசட் காயிலும் இதே முறைதான். எந்தத் தந்தியை எடுத்தாலும் அதைக் கேட்பது ஒரே காயில்; எனவே எதுவும் கழிக்கப்படுவதில்லை. கொள்கையளவில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. காயில்கள் மாறும் எல்லையில், தந்தியை இழுத்து வளைக்கும்போது ஒலி சற்றுத் தளராதபடி வடிவமைப்பதுதான் இதன் கடினமான பகுதி.

கேள்வி: மல்டிமீட்டரில் என் பழைய பிக்கப் 6 கிலோ ஓம், புதிய நாய்ஸ்லெஸ் 12 கிலோ ஓம் காட்டுகிறது. இரு மடங்கு சத்தம் வரும்தானே? (எர்ணாவூர்)

பதில்: வராது. இரண்டு காயிலின் மின்தடையைக் கூட்டிக் காட்டுகிறது மீட்டர். அதில் ஒன்று தந்தியைக் கேட்பதற்காகவே வைக்கப்படவில்லை.

கேள்வி: பேட்டரி போடும் ஆக்டிவ் பிக்கப்புக்கே போய்விட்டால் எல்லாம் தீருமா? (திருவொற்றியூர்)

பதில்: இரைச்சல் தீரும். இஎம்ஜி போன்றவற்றில் காயிலின் சுற்று குறைவு; வரும் சிறிய மின்னழுத்தத்தை உள்ளேயே இருக்கும் பெருக்கி தூக்கிக் கொடுக்கிறது. வெளியேறும் மின்மறுப்பு குறைவு என்பதால் எவ்வளவு நீளக் கேபிள் போட்டாலும் கூர்மை மங்காது. பெரிய மேடையில் இது பெரும் வசதி. 2014-இல் வெளிவந்த ஃபிஷ்மன் ஃபுளூயன்ஸ் இன்னும் ஒரு படி போய், கம்பி சுற்றுவதையே விட்டுவிட்டு, அச்சிட்ட மின்சுற்றுத் தகடுகளை அடுக்கிக் காயிலாக்கியது. கையால் சுற்றும்போது ஒரு காயிலுக்கும் அடுத்ததற்கும் வரும் வேறுபாடு இதில் இல்லை. ஒலியின் வடிவத்தைப் பெருக்கிச் சுற்றே தீர்மானிப்பதால் ஒரே பிக்கப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட குரல்களையும் வைக்க முடிகிறது.

இதற்கான விலை வேறிடத்தில். 9 வோல்ட் பேட்டரிக்கு உடலில் இடம் வேண்டும், பழைய 250 கே (கிலோ ஓம்) வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர்களுக்குப் பதில் தயாரிப்பாளர் சொல்லும் அளவைப் (இஎம்ஜிக்கு 25 கே) போட வேண்டும், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்ற மறக்கக் கூடாது; ஜாக்கில் கேபிள் இருக்கும்வரை பேட்டரி செலவாகும். ஒலியைக் கரகரக்கவைக்கும் ஃபஸ் பெடலின் கரகரப்பைக் கிதாரின் வால்யூமைக் குறைத்தே தெளிவாக்கும் பழைய வித்தையும் இதில் அப்படியே நடக்காது.

கேள்வி: பழைய பிக்கப்புகளை மாற்ற மனமில்லை. வேறு வழி? (பெரம்பூர்)

பதில்: டம்மி காயில். காந்தமில்லாத ஒரு காயிலைக் கிதாருக்குள் வைத்து, அது கேட்கும் ஹம்மைப் பிக்கப்பின் ஹம்மிலிருந்து கழிப்பது. அதே அளவு இன்னொரு பிக்கப் காயிலைத் தொடரில் போட்டால் மின்தடையும் இண்டக்டன்ஸும் கூடி ஒலி மங்கிவிடும். ஆனால் காயில் வாங்கும் ஹம் என்பது சுற்றின் எண்ணிக்கையையும் பரப்பையும் பெருக்கிய அளவு. பரப்பைப் பத்து மடங்காக்கினால் சுற்று பத்தில் ஒரு பங்கு போதும். சுர் நிறுவனம் ஸ்ட்ராட்டின் பின்மூடியிலேயே பெரிய காயிலை அமைத்தது இந்தக் கணக்கில்தான். மூல ஒலியை மிகக் குறைவாகத் தொடும் வழி இதுவே என்பது என் கருத்து. நடுப் பிக்கப் தலைகீழானதாக இருந்தால் மட்டும் இது அப்படியே ஒத்துவராது. அந்தப் பிக்கப்பில் டம்மி காயில் ஹம்மைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டும்.

கேள்வி: ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் ஹம் நிற்கும் என்று ஒலிபெருக்கிக்காரர் சொல்கிறார். செய்யலாமா? (காசிமேடு)

பதில்: செய்யவே கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா மேடையில், ஜெனரேட்டரில் ஓடிய ஆம்புக்கு யாரோ எர்த்தை வெட்டிவைத்திருந்தது தெரியாமல், இடது கை தந்தியில் இருக்க நான் மைக்கில் உதட்டை வைத்தேன். உதட்டில் தேள் கொட்டியதுபோல் ஓர் அடி. அன்று கை தந்தியிலிருந்து விடுபட்டது என் அதிர்ஷ்டம். கிதாரின் தந்திகள் ஆம்பின் உலோக உடலோடு இணைந்தவை. ஆம்பினுள் 230 வோல்ட் கசிந்தால், எர்த் இல்லாத நிலையில் அது போகும் வழி உங்கள் உடம்புதான். ஆம்பு, மிக்சர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுங்கள், 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக எடுங்கள். மிக்சருக்கும் ஆம்புக்கும் இடையே எர்த் வளையத்தால் ஹம் வந்தால், இடையில் வைக்கும் டிஐ பாக்ஸில் (சிக்னலை மிக்சருக்கு அனுப்பும் இணைப்புப் பெட்டி) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்தலாம். அது சிக்னல் எர்த்தை மட்டும் பிரிக்கும், பாதுகாப்பு எர்த்தைத் தொடாது.

கேள்வி: என்னிடம் இருப்பது விலை மலிவான தொடக்கநிலைக் கிதார். அதில் நாய்ஸ்லெஸ் போடுவது வீண் செலவா? (கொடுங்கையூர்)

பதில்: வீண் அல்ல, பிக்கப்பைப் பின்னால் வேறு கிதாருக்கு மாற்றிக்கொள்ளலாம். வாங்கும் முன் பிக்கார்டைக் (பிக்கப்புகள் பொருத்தப்பட்ட முன்தகடு) கழற்றிக் குழியின் ஆழத்தை ஓர் இரும்பு ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். சில அடுக்குப் பிக்கப்புகள் வழக்கமானதைவிட உயரமானவை. மெல்லிய உடலுள்ள மலிவுக் கிதார்களில் குழி ஆழம் போதாமல் பிக்கப் மேலே துருத்திக்கொண்டு தந்தியை முட்டும். அப்படி வந்த கிதார் ஒன்று இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. குழியை ஆழப்படுத்த உளி எடுக்கலாமா, பிக்கப்பைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று அதன் சொந்தக்காரர் இன்னும் முடிவு சொல்லவில்லை.